இடிக்கப்பட்ட திரையரங்கை அழைப்பிதழில் அடையாளமாகப் போடலாமா?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் வாங்கியிருக்கும் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடத்தவிருக்கிறோம். அழைப்பிதழில் முகவரிக்குக் கீழே ‘லிடோ தியேட்டர் அருகில்’ என்று போட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். லிடோவை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது ஒன் எம்.ஜி. வணிக வளாகம் நிற்கிறது. சென்ற வாரம் கூரியர் கொண்டுவந்த பையனுக்கும் அப்பா தொலைபேசியில் இதே அடையாளத்தைத்தான் சொன்னார். அவன் அந்த வளாகத்தின் வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, “லிடோ எங்கே சார் இருக்கு?” என்று மூன்று முறை கேட்டான். நாளை மெய்ப்பு பார்த்துக் கொடுக்க வேண்டும். சேலத்திலிருந்து வரும் உறவினர்களுக்கு எது உதவும்?

சிவாஜிநகர் பழையவன்:
உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. சேலத்து உறவினர்கள் ரயிலில் வந்தால், நிலையத்துக்கு எதிரே அவர்கள் காணப்போவது மெஜஸ்டிக். அந்தப் பெயரைக் கொடுத்த மெஜஸ்டிக் திரையரங்கு இன்று இல்லை. பேருந்து நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் கெம்பேகவுடாவின் பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டியிருந்தும், நடத்துநர் வாயில் ‘மெஜஸ்டிக்’தான் வருகிறது. அதற்கும் முன்னே போனால், பேருந்து நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரியின் படுகை. ஏரி போய்விட்டது, பக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு மட்டும் ஏரிக்கரையின் பெயரைச் சுமந்துகொண்டு கிடக்கிறது.

ஜெயநகர் வாசகி:
மெஜஸ்டிக்கையும் லிடோவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. மெஜஸ்டிக் என்பது இன்று ஒரு பகுதியின் பெயர். அங்கே திரையரங்கு இருந்ததா என்று யாரும் யோசிப்பதில்லை. பிளாசா திரையரங்கு இருந்த இடத்தில் எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையம் வந்த பிறகு, அங்கே படம் பார்த்தவர்களைத் தவிர வேறு யார் வழி சொல்லும்போது ‘பிளாசா’ என்கிறார்கள்? மைசூர் பேங்க் சர்க்கிளைப் பாருங்கள்: ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்துவிட்டாலும் பெயர் அசையவில்லை, ஏனென்றால் அது பேருந்து நிறுத்தத்தின் பெயர். வெளியூர்க்காரர்களுக்கு எழுதும்போது நடத்துநர் கூப்பிடும் பெயரையோ மெட்ரோ அறிவிப்பில் வரும் பெயரையோ போடுங்கள். உங்களுக்கு 2011-இலிருந்தே டிரினிட்டி நிலையம் இருக்கிறது.

சம்பங்கிராம நகர்:
எங்கள் பகுதியின் பெயரே ஒரு ஏரியிலிருந்து வந்ததுதான். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகத் திருவிழாச் சடங்குக்கென்று ஒரு சிறிய குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வழி சொல்லும்போது நான் விளையாட்டரங்கத்தைத்தான் சொல்கிறேன். ஜெயநகர் அம்மையார் சொன்னதையே செய்யுங்கள்; அப்பாவுக்காக ஓர் அடைப்புக்குறி சேர்த்துவிடுங்கள்.

அல்சூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ‘டிரினிட்டி மெட்ரோ நிலையம் அருகில் (பழைய லிடோ)’ என்று எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பழைய லிடோ என்றால், புதிய லிடோ எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். ‘பழைய’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மெய்ப்பை அனுப்பியிருக்கிறேன்.