லிங்க் திறக்கிறது, சொன்ன இடம் அங்கே இல்லை: டாக்குமென்டேஷன் பார்ப்பவர்களின் அனுபவங்கள்

வள்ளியூர்:
காற்றாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஆடிக் காற்றில் ஒரு மெஷின் நின்றால் போன் ஓயாது. எங்கள் கண்காணிப்பு மென்பொருளின் கையேடு என் பொறுப்பு. அலாரம் பட்டியல் ஒரு பக்கம், ஒவ்வொரு அலாரத்துக்கும் செய்ய வேண்டியது வேறொரு நீளமான பக்கம், நடுவில் லிங்க்.

பணகுடி தாண்டி ஒரு சைட்டிலிருந்து டெக்னீஷியன் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்தில் பாதி பேச்சு கேட்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க சொல்லுத லிங்க் திறக்கத்தான் செய்யுது. யா மோட்டாரப் பத்தி ஒண்ணையும் காணும். மொதல்ல பிரேக்குன்னு போட்டிருக்கு. அதச் செய்யட்டா?"

அந்த "செய்யட்டா" இன்னும் காதில் இருக்கிறது. பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனோடு நிற்கிறார். வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சரியான படிகளை நானே போனில் வாசித்தேன். அவர் தேடிய யா மோட்டார் (மெஷினைக் காற்றுப் பக்கம் திருப்புகிற மோட்டார்) பகுதி அதே பக்கத்தில் ரொம்பக் கீழே இருந்தது. தலைப்பு தெளிவாக இருக்கட்டும் என்று டீமில் ஒருவர் இரண்டு சொல்லை மாற்றியிருந்தார். தலைப்பு மாறியதும் அதன் ஆங்கர் (பக்கத்துக்குள் அந்த இடத்தைக் குறிக்கிற, லிங்கில் # குறிக்குப் பிறகு வருகிற பெயர்) மாறிவிட்டது. பழைய ஆங்கர் கிடைக்காததால் பிரவுசர் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. உச்சியில் இருந்தது பிரேக்.

பில்ட், அதாவது கையேட்டைத் தளமாகக் கட்டும் வேலை, பச்சை: பிழை ஒன்றும் காட்டவில்லை. அதைக் கட்டுகிற கருவி எம்கேடாக்ஸ், அதை ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பான முறையில்தான் ஓட்டுகிறோம். 2024-ல் வந்த 1.6-லிருந்து அது ஆங்கரையும் சோதிக்கிறது, ஆனால் ஆங்கர் இல்லாவிட்டால் வெறும் தகவலாக ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். ஸ்ட்ரிக்ட் நிறுத்துவது எச்சரிக்கை வந்தால் மட்டும். வேலிடேஷன் அமைப்பில் ஆங்கர் சோதனையை எச்சரிக்கை நிலைக்கு நாமே உயர்த்த வேண்டும். இப்போது உயர்த்தியாச்சு. என்னை உறுத்துவது வேறு. அவர் கேட்டார், அதனால் தெரிந்தது. கேட்காமல் செய்கிற ஆள் எத்தனை பேர்?

பாளையங்கோட்டை:
வள்ளியூர் அண்ணாச்சி சொன்னது ஆங்கிலக் கையேடு. தமிழ்க் கையேட்டில் இதைவிட மோசம், அங்கே சோதனையே பிடிக்காது.

சம்பளக் கணக்கு மென்பொருள், சின்ன அலுவலகங்களுக்கானது. கையேடு முழுக்கத் தமிழ், தலைப்புகளும் தமிழ். எம்கேடாக்ஸ் உள்ளே பைதான் மார்க்டவுன் என்ற நிரல்தான் தலைப்பிலிருந்து ஐடி, அதாவது ஆங்கரின் பெயர், உண்டாக்குகிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஆங்கில எழுத்து அல்லாததை எல்லாம் உதறிவிடும். தமிழ்த் தலைப்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் _1, _2, _3 என்று வரிசை எண் போட்டுவிடும். லிங்க் எழுதுகிறவர் பிரவுசரில் பார்த்து _4 என்று எழுதுவார். அடுத்த மாதம் நடுவில் ஒரு தலைப்பு சேர்ந்தால் கீழே இருப்பதெல்லாம் ஒன்று தள்ளிவிடும். _4 இன்னும் இருக்கிறது, வேறு தலைப்பாக. சோதனை என்ன செய்யும்? லிங்க் சரி என்றுதான் சொல்லும்.

சரி, ஆங்கிலம் அல்லாத எழுத்தையும் ஐடியில் விட்டுவைக்கிற யூனிகோட் அமைப்பைப் போட்டால் போச்சு என்று போட்டோம். அப்புறம்தான் அந்த போன் வந்தது. டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா. "தம்பி, பதவிய அமுக்கினா பதிவுக்குப் போவுது. சங்கரன்கோவில்னு போர்டு பாத்து ஏறினா பாபநாசத்துல எறக்கி விடுத மாதிரில்லா இருக்கு."

பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். "பதிவு" என்ற தலைப்பின் ஐடி "பதவ". "பதவி" என்ற தலைப்பின் ஐடி "பதவ_1". அந்தக் கணம் மறக்காது. பைதானின் ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பிரிக்கிற பகுதி) தமிழில் கொக்கி, கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஒட்டுக்குறி என்று தள்ளிவிடுகிறது. ஆக இரண்டு சொல்லும் ஒரே எலும்புக்கூடு. முதலில் வந்ததற்கு வெறும் பெயர், இரண்டாவதற்கு _1. இரண்டையும் லிங்க் செய்தவர் "பதவ" என்றே எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்கு அது பதவிதான்.

கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் பார்த்தபோது இது தெரியவே இல்லை, ஏனென்றால் கிட்ஹப் ஒட்டுக்குறிகளை விட்டுவைக்கிறது. அங்கே முழு "பதவி" வேலை செய்யும், தளத்தில் செய்யாது. ஒரே கோப்பு, இரண்டு இடத்தில் இரண்டு ஐடி.

தீர்வு எளிது. ஆட்ரிப்யூட் லிஸ்ட் நீட்சியைப் போட்டு, தலைப்புக்குப் பக்கத்தில் நெளிவடைப்புக்குள் # போட்டு ஆங்கிலத்தில் நம் ஐடியை நாமே எழுதிவிட வேண்டும். தலைப்பை இனி எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

தென்காசி:
எங்களுடையது சின்ன விஷயம். விநியோக மென்பொருள், கையேட்டில் ஃபோல்டர் எல்லாம் மாவட்டப் பெயரில். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. திருநெல்வேலி ஃபோல்டரில் இருந்த ஆலங்குளம், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கங்களைப் புது ஃபோல்டருக்கு நகர்த்தினார்கள். நகர்ந்த பக்கத்துக்கு வருகிற லிங்கை எல்லாம் தேடித் திருத்தினார்கள். நகர்ந்த பக்கத்திலிருந்து வெளியே போகிற லிங்கை யாரும் பார்க்கவில்லை. ஆலங்குளம் பக்கத்தில் "அம்பாசமுத்திரம் கிடங்கு முறையே இங்கும்" என்று ஒரே ஒரு வரி, லிங்கோடு. முன்பு இரண்டும் ஒரே ஃபோல்டர். இப்போது 404, பக்கம் இல்லை. கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையன் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான், நெட் போய்விட்டது என்று நினைத்து மோடத்தைக்கூட அணைத்துப் போட்டான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பாதையில் மாறக்கூடிய எதையும் வைக்காதீர்கள்: மாவட்டம், துறைப் பெயர், பதிப்பு எண், ஆளின் பெயர் எதுவும் வேண்டாம். மாவட்டங்கள் பிரிந்துகொண்டேதான் இருக்கும். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் பிரிந்தது, 2019-ல் நாங்கள். பக்கத்தை நகர்த்தினால் பழைய முகவரியில் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைச் சர்வரே புது முகவரிக்கு அனுப்பிவிடுவது) கட்டாயம் வையுங்கள். சர்வர் கையில் இல்லையென்றால் எம்கேடாக்ஸுக்கு ரீடைரக்ட் பிளக்இன் இருக்கிறது, அது 301 தராது, பழைய இடத்தில் புதுப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிற ஒரு பக்கத்தை வைக்கும். முடிந்தால் ஸ்பிங்க்ஸ் என்ற இன்னொரு கையேடு கட்டும் கருவிக்கு மாறிவிடுங்கள். பைதானின் சொந்தக் கையேட்டுக்காக எழுதி 2008-ல் வெளிவந்தது, இந்த வலியை எல்லாம் பார்த்தவர்கள் செய்தது. அதில் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டாம், லேபிளுக்குக் கொடுக்கலாம். கோப்பு எங்கே போனாலும் லேபிள் கூடவே போகும். லேபிள் காணவில்லை என்றால் எச்சரிக்கை வரும், கட்டளையில் பெரிய டபிள்யூ (-W) சேர்த்து ஓட்டினால் எச்சரிக்கையே பிழையாகி பில்ட் நின்றுவிடும். டாகுசாரஸ் என்ற வேறொரு கருவி வைத்திருப்பவர்களுக்குப் பக்கம் உடைந்தால் தானாகவே நிற்கும், ஆங்கர் உடைந்தால் எச்சரிக்கை மட்டும்தான், அதையும் 3.1 பதிப்பிலிருந்துதான் சொல்கிறது. கடைசியாக, கட்டி முடித்த எச்டிஎம்எல் மேல் லிச்சி மாதிரி ஒரு லிங்க் சோதனைக் கருவியை ஆஃப்லைனில் ஓட்டுங்கள். பழைய முகவரி பாக்கி இருந்தால் க்ரெப் கட்டளை போட்டுத் தேடி, செட் (sed) என்ற மாற்றும் கட்டளை போட்டு ஒரே அடியாக மாற்றிவிடலாம். வள்ளியூர்க்காரரும் தலைப்பு மாறிய அன்றே ஒரு 301 போட்டிருந்தால் அந்த போனே வந்திருக்காது.

மேலப்பாளையம்:
தென்காசி அண்ணன் சொன்ன கடைசி இரண்டையும் ஏற்க முடியாது.

செட் போட்டு ஒரே அடியாக மாற்றுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லிங்க் மட்டும் மாறாது, எடுத்துக்காட்டுக் கட்டளைகளும் மாறும். வாடிக்கையாளர் கணினியில் இருக்கிற ஃபோல்டரின் பாதை நம் கையேட்டின் ஃபோல்டர் பெயரோடு தற்செயலாக ஒத்துப்போயிருந்தது. உடைந்த லிங்க் எல்லாம் சரியாகிவிட்டது, பேக்கப் கட்டளை உடைந்துவிட்டது. உடைந்த லிங்க் அடுத்த அமுக்கில் தெரிந்துவிடும். தப்பான பேக்கப் கட்டளை என்றைக்குத் தெரியும்? டிஸ்க் போகிற அன்றைக்கு. மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு வரியையும் டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டுவது) பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

301 விஷயம். # குறிக்குப் பிறகு வருவது சர்வருக்குப் போவதே இல்லை, பிரவுசரிடமே நின்றுவிடும். சர்வருக்குத் தெரியாததை அது எப்படித் திருப்பிவிடும்? சர்வரின் லாகிலும் (வருகைப் பதிவேடு) விழாது. அதனால்தான் இவை ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. தலைப்பு மாறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பழைய ஐடியை ஒரு வெற்று ஆங்கராகப் புதுத் தலைப்புக்கு மேலேயே விட்டுவையுங்கள். பழைய லிங்கும் வந்து சேரும், புதியதும் வரும்.

என் கதை இரண்டு வரிதான். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் விண்டோஸ், தளம் லினக்ஸில். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கிறது, லிங்க் சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. எல்லோர் மேசையிலும் திறந்தது, வாடிக்கையாளர் மேசையில் மட்டும் திறக்கவில்லை. "உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்று அந்த மனிதரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் அதை நம்பி, மெக்கானிக்குக் காசு கொடுத்து விண்டோஸை மறுபடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். கோபப்படக்கூட இல்லை. "இப்பவும் திறக்கல சார்" என்றார்.

அம்பை:
நெட் இல்லாத இடத்தை யாரும் சொல்லவில்லையே. மலைப்பக்கம் டவர் கிடைக்காத ஒரு பள்ளிக்கு ஆய்வக மென்பொருளின் கையேட்டைப் பென்டிரைவில் கொடுத்தனுப்பினார்கள். முதல் பக்கம் அழகாகத் திறந்தது. லிங்கை அமுக்கியதும் பக்கம் வரவில்லை, ஃபோல்டரின் கோப்புப் பட்டியல் வந்தது. டீச்சர் அந்தப் பட்டியலைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே, எதை அமுக்குவது என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எம்கேடாக்ஸ் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஃபோல்டராக்கி, லிங்கை அந்த ஃபோல்டருக்குக் கொடுக்கும். சர்வர் இருந்தால் உள்ளே இருக்கும் இன்டெக்ஸைத் தானே எடுத்துக் கொடுக்கும். பென்டிரைவில் யார் எடுத்துக் கொடுப்பது? டைரக்டரி யுஆர்எல் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிக் கட்டினால் லிங்க் நேராகக் கோப்புக்கே போகும். சோதனைக் கருவிகள் பொதுவாக இதை உடைந்த லிங்க் என்று சொல்லாது. நெட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை நாமே அமுக்கிப் பார்க்க வேண்டும்.

கடையநல்லூர்:
பாளை தம்பிக்கு ஒரு கேள்வி. தமிழ்க் கையேட்டுக்கு எதற்கு ஆங்கில ஐடி? அதே நெளிவடைப்புக்குள் # போட்டு "பதவி" என்று தமிழிலேயே எழுதினால் என்ன? எச்டிஎம்எல்5-ல் ஐடிக்குள் இடைவெளி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழுக்குத் தடை இல்லை.

பாளையங்கோட்டை:
தடை இல்லை அண்ணே, எழுதலாம். எழுதியும் பார்த்தோம். எங்கள் ஆட்கள் லிங்கை எடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் பல இடங்களில் தமிழ் எல்லாம் சதவீதக் குறியாகிவிடுகிறது. யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், ஒரு பைட்டுக்கு 3 எழுத்து, ஆக 9. "பதவி"யில் 4 குறியீடு. 36 எழுத்து நீளத்துக்குக் குப்பை மாதிரி ஒரு வால். அந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு வைரஸ் லிங்க் என்று அழித்துவிட்டார். உங்கள் கையேடு பக்கத்துக்குள்ளேயே லிங்க் கொடுக்கிற கையேடு என்றால் தாராளமாகத் தமிழில் வையுங்கள். நான்கு பேருக்கு அனுப்புகிற கையேடு என்றால் என் ஓட்டு ஆங்கிலத்துக்குத்தான்.

எதை வைத்தாலும் சரி, தானாக உண்டாக்கவிட்டால் மட்டும் நிச்சயம் இடிக்கும். "கூலி", "காலி" இரண்டும் "கல". எங்கள் கையேட்டில் இரண்டு தலைப்பும் ஒரே பக்கத்தில் இருந்தது.

கடையநல்லூர்:
இப்போதுதான் எங்கள் கடை மென்பொருளின் கையேட்டைத் திறந்து மூலத்தைப் பார்த்தேன். "விலை" ஒரு தலைப்பு, "வேலை ஆட்கள்" ஒன்று, "வேலை" என்று தனியாக இன்னொன்று. ஐடி முறையே "வல", "வல-ஆடகள", "வல_1". பில் போடும் பக்கத்திலிருந்து "வல"வுக்கு லிங்க் இருக்கிறது, ஆள் கணக்குப் பக்கத்திலிருந்தும் அதே "வல"வுக்கே இருக்கிறது. இரண்டில் ஒன்று தப்பான இடத்துக்குத்தான் போகிறது. யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை. இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எல்லாத் தலைப்புக்கும் கையால் ஐடி எழுதப் போகிறேன், பழைய "வல"வை வெற்று ஆங்கராக "விலை"க்கு மேல் விட்டுவிடுகிறேன். அதில் ஏதாவது சிக்கல் வரும் என்றால் இப்போதே சொல்லுங்கள்.