காலை ஆறரைக்குக் கூப்பிடுகிறேன்

குழு: நம்ம வீடு
ஞாயிறு, இரவு 9.12

தங்கை: மூன்று வாரமாக நான் ஏன் பேசவில்லை என்று எல்லோரும் தனித்தனியாகக் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதத் தெம்பில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. குளிக்கப் போவதே பெரிய வேலையாகத் தெரிகிறது.

சித்தி: சொன்னாயே கண்ணு, அதுவே நல்லது.

மாமா: ஒரு இணைப்பு அனுப்பியிருக்கிறேன், பாரம்மா. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒரு மூலிகை மாத்திரை. பக்க விளைவே இல்லையாம்.

நான்: மாமா, அவசரப்பட வேண்டாம். லேசான மனச்சோர்வுக்கு அது உதவுவதாக ஆய்வுகள் இருப்பது உண்மைதான். ஆனால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் இதெல்லாம் அதனால் சரியாக வேலை செய்யாமல் போகும். மனச்சோர்வுக்கான மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் செரட்டோனின் என்ற ரசாயனம் அளவு மீறி ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரிடம் கேட்காமல் வாங்கவே கூடாது.

மாமா: எனக்குத் தெரியாதம்மா. இணைப்பை நீக்கிவிட்டேன்.

அண்ணன்: பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டுப் படுத்து ஓய்வெடு. மனம் தெளிந்ததும் மற்றதைப் பார்க்கலாம்.

நான்: அண்ணா, நான் மாட்டிக்கொண்டதே அதில்தான். மனசு சரியானதும் வெளியே போகலாம், மனசு சரியானதும் தோழியைப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் படுத்தே கிடந்தேன். படுக்கப் படுக்க இன்னும் மோசமானது. எனக்கு ஆலோசனை தந்தவர்தான் அதைத் திருப்பிப் போட்டார். மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், செய்யச் செய்யத்தான் மனம் வரும் என்றார். முதல் நாள் வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். ஒரு நோட்டில் என்ன செய்தேன், செய்த பிறகு மனம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னார். பல நாள் இரண்டு, மூன்றுதான். ஆனால் நடந்த நாட்களில் ஒரு எண்ணாவது கூடியிருந்தது. கைபேசியோடு படுத்திருந்த நாட்களில் கூடவே இல்லை. என் கையெழுத்திலேயே அது இருந்ததால்தான் என்னால் நம்ப முடிந்தது.

தங்கை: எல்லோரும் சொல்லும் அறிவுரை மாதிரிதான் இருக்கிறது அக்கா. நடப்பதில் அவ்வளவா இருக்கிறது?

நான்: இருக்கிறதம்மா. அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. எல்லோரும் 50 வயதைத் தொட்டவர்கள், மனச்சோர்வு இருந்தவர்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. மாத்திரைக்காரர்களுக்கு மட்டும் தொடக்கத்தில் பலன் சீக்கிரம் தெரிந்தது. அதனால் ஒரு வாரத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று நடையை விட்டுவிடாதே.

நடப்பதைக் காலையிலேயே நட. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறுதான் இருக்கும், மேகமூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் ஒழுங்குக்கு வரும். இரவு தூங்காவிட்டாலும் எழும் நேரத்தை மாற்றாதே.

சித்தி: ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

தங்கை: காபிதான் அதிகம் சித்தி. இரவு ஏழு மணிக்குக்கூட.

நான்: மதியத்துக்கு மேல் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். எல்லோர் முன்னாலும் சொல்லச் சங்கடமென்றால் எனக்குத் தனியாக அனுப்பு. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு வருகிறதா?

தங்கை: இல்லை அக்கா. இங்கேயே சொல்கிறேன், இல்லை. களைப்புதான்.

நான்: எப்போதாவது வந்தால் நடு ராத்திரியானாலும் கூப்பிடு. அன்றைக்கே டாக்டரிடம் போய்விடலாம், நடையை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டோம். அந்த நினைப்பு வராவிட்டாலும் இந்த வாரமே டாக்டரைப் பார். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே காட்ட வேண்டும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை எல்லாமே இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு குறைந்திருந்தால் அதற்கு மருந்துதான் வேண்டும், எவ்வளவு நடந்தாலும் தீராது.

அண்ணன்: நான் கூட்டிப்போகிறேன். புதன் மாலை எனக்கு வேலை இல்லை. ஓய்வெடு என்று சொன்னதை மறந்துவிடம்மா, தெரியாமல் சொன்னேன்.

தங்கை: பரவாயில்லை அண்ணா. புதன் வருகிறேன். ஆனால் காலையில் தனியாக வெளியே போகத்தான் முடியவில்லை. கதவு வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

சித்தி: நாளை காலை ஆறரைக்கு நான் கூப்பிடுகிறேன். நீ அங்கே நட, நான் இங்கே நடக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், போனைக் காதில் வைத்துக்கொண்டால் போதும்.

திங்கள், காலை 6.47

தங்கை: தெருமுனை வரை போய்த் திரும்பினேன். எட்டு நிமிடம். தலைகூட வாரவில்லை. சித்தி அவர்கள் வீட்டுச் செடிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

நான்: பத்துக்கு எவ்வளவு?

தங்கை: மூன்று. கிளம்பும்போது இரண்டு.

சித்தி: நாளைக்கும் ஆறரை.