ஒயிட் பேலன்ஸுக்கு ஒரு சொல்: ‘வெண் சமநிலை’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

புடவைக் கடையில் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் ஒரு காரியத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புடவை பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. ஆனாலும் பில் போடுவதற்கு முன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்குப் போவார்கள். கடைக்காரரும் தடுக்க மாட்டார். உள்ளே விளக்கொளியில் அரக்காகத் தெரிந்த நிறம் வாசல் வெளிச்சத்தில் கத்தரிப்பூவாக மாறிவிடலாம் என்பது இருவருக்கும் தெரியும். கேமராவுக்குள் இந்த ‘வாசலுக்குப் போய்ப் பார்க்கும்’ வேலையைச் செய்வதுதான் ஒயிட் பேலன்ஸ். அதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று கேட்டு எழுதுகிறேன்.

திருப்பூரில் எட்டுத் தையல் எந்திரங்களுடன் ஒரு சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். முன்பு பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுத்தோம். இப்போது எங்கள் பெயரிலேயே டி-ஷர்ட் தைத்து இணையத்தில் விற்கிறோம். ஸ்டுடியோவில் படமெடுத்தால் எங்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே டிஜிட்டல் படக்கலையின் பாலபாடத்தை நானே கற்றுக்கொண்டேன். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் இதே தொழில் செய்யும் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறேன். அதற்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது.

மற்ற சொற்கள் அதிகம் தொல்லை தரவில்லை. டிரைபாடுக்கு முக்காலி இருக்கவே இருக்கிறது. ஷட்டரை ஷட்டராகவே விட்டுவிட்டேன். எக்ஸ்போஷருக்கு ‘ஒளியளவு’ என்று எழுதியதும் எல்லோருக்கும் புரிந்தது. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கேமரா ஒளியை அளக்கிறது. அதனால் படம் நிறைய வெள்ளைச் சட்டை இருந்தாலும் சாம்பலாக்கும், கறுப்புச் சட்டை இருந்தாலும் சாம்பலாக்கும். வெள்ளைக்கு ஒளியளவைக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்று ஒரே வரியில் அந்தப் பாடம் முடிந்தது.

ஒயிட் பேலன்ஸில்தான் நின்றுவிட்டேன். நான் பணம் இழந்து கற்ற பாடமும் அதுதான். சென்ற ஆண்டு மயில்கழுத்து நிறத்தில் 60 சட்டைகள் தைத்தோம். ஜன்னல் ஓரமாக, டியூப் லைட்டையும் போட்டுக்கொண்டு, கேமராவை அதுவே தீர்மானிக்கும் ஆட்டோ அமைப்பில் வைத்து எடுத்தேன். படத்தில் வெறும் நீலமாக விழுந்தது. கணினித் திரையில் பார்க்க அழகாகவே இருந்ததால் அப்படியே ஏற்றிவிட்டேன். நீலம் என்று வாங்கியவர்கள் பார்சலைப் பிரித்தால் பச்சையோடிய மயில்கழுத்து. 26 சட்டைகள் திரும்பி வந்தன. போகவும் வரவும் கூரியர் செலவு எங்கள் தலையில். துணியில் குறையில்லை, தையலில் குறையில்லை, சாயத்திலும் குறையில்லை. அந்த ஒரே அமைப்பை நான் புரிந்துகொள்ளாததுதான் குறை.

கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்கிறது. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. அந்த ஒளியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நம் கண்ணும் மூளையும் ஈடுகட்டிக்கொண்டு அதை வெள்ளை என்றே சொல்லும். கேமராவுக்கு அந்த அறிவு இல்லை. இதுதான் வெள்ளை என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நீலத்தைப் பெருக்கி, சிவப்பை அடக்கி, அந்தத் தாளில் மூன்று அளவுகளும் ஒன்றாகும்படி செய்துவிடும். நாம் சொல்லாமல் ஆட்டோவில் விட்டால் அதுவாக ஊகிக்கும். படம் நிறைய மாம்பழ மஞ்சள் சட்டை இருந்தால் விளக்குதான் மஞ்சளோ என்று எண்ணி, சட்டையின் மஞ்சளைக் குறைத்துவிடும். பத்து நிறச் சட்டைகளை ஒரே சுவரின் முன் எடுத்துப் பாருங்கள், சுவர் பத்து நிறத்தில் இருக்கும்.

இதைத்தான் ‘வெண் சமநிலை’ என்று பலரும் எழுதுகிறோம். வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரு பெண், “எங்களிடம் வெள்ளைச் சட்டையே இல்லையே அக்கா, இது எங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சமநிலை என்பதும் ஒரு நிலை. ஒயிட் பேலன்ஸோ நாம் செய்கிற செயல். ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக மாற்றி ஒட்டியிருக்கிறோம். கையில் கேமரா வைத்திருப்பவருக்கு அது என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியவில்லை.

வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவதை எண்ணிப் பார்த்தேன். பழுப்பேறிய துணியில் ஒரு சொட்டு நீலம் விட்டு அலசினால் மஞ்சள் அடங்கி வெள்ளையாகத் தெரிகிறது. பல்பு வெளிச்சத்தில் கேமரா செய்வதும் அதேதான். ஆனால் மரநிழலிலும் மேகமூட்டத்திலும் ஒளியே நீலமோடியிருக்கும். அங்கே மஞ்சளைக் கூட்ட வேண்டும். ஆகவே அந்த உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ‘வெளுப்பு’ என்று வைக்கலாமென்றால், ஒளியளவு மிஞ்சிய படத்தைத்தான் நாங்கள் வெளுத்துப்போனது என்கிறோம்.

என் முன்மொழிவு இது. ஒளி தன் நிறத்தைப் பொருள்மேல் ஏற்றுகிறது. சாயத்தொழில் ஊர்க்காரியாகிய எனக்கு அது ‘ஒளிச்சாயம்’ என்று படுகிறது. அதை எடுப்பது ‘ஒளிச்சாய நீக்கம்’. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து, அன்புடன்.

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கலைச்சொல் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை மட்டும் அனுப்பிவிட்டு, தமிழில் என்ன என்று கேட்பார்கள். நீங்கள் பொருளின் வேலையைச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எனக்கும் வேலை எளிதாகிறது.

ஒளிச்சாயம் அருமையான சொல். படத்தின்மேல் பரவி நிற்கும் நிறக்கறையைக் குறிக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘நீக்கம்’ இடிக்கிறது. சாய நீக்கம் என்று கேட்டதும் என் பேரன், கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதா என்றான். உங்கள் ஊரிலேயே அந்தச் சொல்லைக் கேட்டால் சாயக்கழிவுநீரைச் சுத்திகரிப்பதுதான் நினைவுக்கு வரும். மேலும் விளக்கேற்றிய பூஜை அறையைப் படமெடுப்பவர் அந்த மஞ்சளை முழுவதும் எடுத்துவிட விரும்ப மாட்டார். எவ்வளவு வைப்பது என்று தீர்மானிப்பதும் இந்த அமைப்பின் வேலைதானே.

‘வெண்சீர்’ என்று சுருக்கமாக வைக்கலாமா என்று பார்த்தேன். அது யாப்பில் காய்ச்சீருக்குப் பெயராகிவிட்டது. வெண்சீர் வெண்டளை படித்தவர்கள் குழம்புவார்கள். ‘வெண்மைச் சீராக்கம்’ குழப்பமற்றது, ஆனால் கேமராவின் சின்னத் திரையில் அடங்காது.

உங்கள் குறை ‘நிலை’யின் மேல்தான் என்றால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். சமன் போதும். துலாக்கோலைச் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்கிறார். சமன் செய்வது அங்கேயே செயல்தான். இன்றும் கணக்கைச் சமன் செய்கிறோம். வெண்சாமரம்போல வெண்சமன். புதுச்சொல் ஒன்று வந்தால் அதை வினையாக ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ‘வெண்சமன் செய்’, ‘வெண்சமன் செய்யாத படம்’, ‘வெண்சமன் பிசகிவிட்டது’ என எங்கும் நாக்கு இடறவில்லை. ‘வெண்சமநிலைப்படுத்தாத படம்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

வெள்ளைச் சட்டை இல்லாத அந்தப் பெண்ணின் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. உங்கள் வகுப்பில் கேட்டுச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து, அன்புடன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நேற்று வகுப்பில் இரண்டு சொற்களையும் பலகையில் எழுதினேன். சாயப்பட்டறையில் ஷேட் (நிறச்சாயல்) பார்க்கும் ஓர் அண்ணன் புதிதாக வந்திருந்தார். அவர் பேசியதை இங்கே பதிவுசெய்தே ஆக வேண்டும், ஏனென்றால் நாம் சொல் தேடிக்கொண்டிருக்கும் பொருளை அவர் பல ஆண்டுகளாகக் கையால் செய்துவருகிறார்.

அவர்கள் பட்டறையில் நிறம் பார்க்கவென்றே விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே பல விளக்குகள். டி65 என்பது பகலொளிக்கு ஈடானது, 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு). டிஎல்84 ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு ஒளிக்கு ஈடானது, ஏறக்குறைய 4,000 கெல்வின். மூன்றாவது குண்டு பல்பு. ஒரு சட்டையின் உடல் துணியும் கழுத்துப் பட்டியான ரிப்பும் டி65-இல் ஒன்றாகத் தெரியும். டிஎல்84-ஐப் போட்டதும் ரிப் மட்டும் சிவந்து தனியாகத் தெரியும். இரண்டுக்கும் ஏற்றிய சாயக்கலவை வேறு என்பதால் இப்படி ஆகிறது. ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரியோடு எந்த விளக்கில் பார்த்தது என்பதையும் எழுதி அனுப்புவார்களாம். ஒளிச்சாயம் என்று நான் எழுதியதுமே அவர், “இதற்கு விளக்கமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

தொடர்ந்து ஒரு கேள்வி கேட்டார். ஜன்னல் ஒளியும் டியூப் லைட்டும் சேர்ந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: “ஒரே துணியில் ஆளுக்கொரு பக்கம் வேறு வேறு சாயம் பிடித்திருந்தால் ஒரே தொட்டியில் போட்டு எடுக்க முடியாது.” என் மயில்கழுத்துச் சட்டைக்கு நேர்ந்தது அதுதான். ஒரு பக்கம் ஜன்னலின் சாயம், மறுபக்கம் விளக்கின் சாயம், இரண்டுக்கும் கேமராவில் ஒரே சமன். முதலில் விளக்கை அணை, அல்லது ஜன்னலை மூடு என்று கையேட்டில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். ஒரு சொல் சரியாக அமைந்தால் அதைக் கொண்டே அடுத்த பாடத்தை ஊகிக்க முடிகிறது. கலைச்சொல்லிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான், ஐயா.

வெண்சமனுக்கு வகுப்பில் எளிதாக இடம் கிடைக்கவில்லை. “எந்த வெள்ளை?” என்று அதே அண்ணன் கேட்டார். பனியன் வெள்ளையை நம்பி வெண்சமன் செய்தால் படம் கெட்டுவிடும் என்றார். பிளீச் செய்த துணிக்கு வெண்மையூட்டும் ரசாயனம் ஏற்றுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிரை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். வெயிலில் பளீரென்று தெரிவது அதனால்தான். அந்தத் துணியைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவிடம் சொன்னால் அது ஒளியில் இல்லாத நீலத்தை அடக்கப் போய், படம் முழுவதும் மஞ்சள் பூசிவிடும். அன்றே சோதித்துப் பார்த்தோம், அப்படியே நடந்தது. அச்சுத்தாள் பலவற்றிலும் இதே ரசாயனம் இருக்கிறது. ஆகவே ஒளியில் 18 விழுக்காட்டை எந்த நிறப் பாகுபாடும் இல்லாமல் திருப்பும் சாம்பல் அட்டையை வாங்கிவிடுவதே நல்லது. அதைச் சட்டையின் மேல் வைத்து, சட்டைக்கு விழும் ஒளியே அதன்மேலும் விழும்படி ஒரு படம் எடுத்து, அதைக் காட்டிச் சமன் செய்ய வேண்டும்.

அப்படியானால் அதைச் சாம்பல் சமன் என்றே வைத்துவிடலாமே என்று அவர் கேட்டார். இரவெல்லாம் யோசித்தேன். பொருளளவில் அவர் சொல்வது சரி. ஆனால் செல்பேசிக் கேமராவில் நாமே அமைத்துக்கொள்ளும் புரோ பகுதியைத் திறந்தால் டபிள்யூபி என்ற இரண்டு எழுத்துகள்தான் நிற்கின்றன. அதைப் பார்க்கும் பெண்ணுக்கு ‘வெள்ளை’ என்ற பிடிமானம் வேண்டும். சாம்பல் என்று கற்றவள் அந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க மாட்டாள். எனவே செயலுக்கு வெண்சமன், கருவிக்குச் சாம்பல் அட்டை, எடுக்க வேண்டிய கறைக்கு ஒளிச்சாயம் என்று மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். “வெள்ளைச் சட்டை இல்லாவிட்டால்?” என்ற கேள்விக்கும் அந்த அட்டைதான் விடை.

கலர் டெம்பரேச்சருக்கு ஏற்கெனவே வழங்கும் ‘நிறவெப்பநிலை’யை மாற்றவில்லை. எண் கூடக்கூட ஒளி நீலமாகும்: மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1,900 கெல்வின், குண்டு பல்பு 2,700, நண்பகல் வெயில் 5,500, நிழல் 7,000-க்கு மேல். ஆனால் கேமராவில் அந்த எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், ஏனென்றால் நீல ஒளிக்கு எதிர்ச்சாயம் ஏற்றச் சொல்கிறோம். இது எல்லோரையும் ஒருமுறையாவது குழப்புகிறது. ‘எண், ஒளியைச் சொல்கிறது; படத்தைச் சொல்லவில்லை’ என்று அடிக்குறிப்பாக எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல வாக்கியம் இருந்தால் தாருங்கள்.

கையேட்டில் இப்போது இருக்கும் பத்தி இது:

“ஒரே வகை வெளிச்சத்தில் சட்டையை விரி. சாம்பல் அட்டையை அதன்மேல் வைத்து வெண்சமன் செய். அட்டையை எடுத்துவிட்டுப் படம் பிடி. வெளிச்சம் மாறினால் மீண்டும் வெண்சமன் செய். படத்தையும் சட்டையையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒளிச்சாயம் மிச்சமிருந்தால் இணையத்தில் ஏற்றாதே.”

மயில்கழுத்தில் மிச்சமிருந்த சட்டை ஒன்றை இந்தப் பத்தியின்படியே நேற்று மாலை எடுத்தோம். மயிலின் கழுத்தாகவே வந்திருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை கையேட்டை ஜெராக்ஸுக்குக் கொடுக்கிறேன். வெண்சமனுக்கு மறுப்பு இருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதிவிடுங்கள்.

திருப்பூரிலிருந்து, அன்புடன்.