பச்சைக் குரோமிஸை வீட்டுத் தொட்டியில் கூட்டமாக வளர்க்கலாமா?

(பச்சைக் குரோமிஸ் ஒரு சிறிய கடல்மீன். உவர்நீர், பவளத்திட்டு, புதுவரவு என்பவை இங்கே உரையாடும் மூவரின் புனைபெயர்கள்.)

உவர்நீர்:
கடல்மீன் வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்களிடம், சாதுவான மீன், ஆறேழு வாங்கி விட்டால் கூட்டமாக நீந்தும் என்று சொல்லிப் பச்சைக் குரோமிஸை விற்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் பரிந்துரையை நாம் நிறுத்த வேண்டும். இந்தோ-பசிபிக் பவளத்திட்டுகளில் இம்மீன்கள் கிளைவிட்ட அக்ரோபோரா பவளத்துக்கு மேலே திரளாக நின்று, நீரோட்டம் கொண்டுவரும் மிதவையுயிரிகளைக் கொத்தித் தின்கின்றன. பெரிய மீன் நெருங்கியதும் அத்தனையும் கிளைகளுக்குள் புகுந்துவிடுகின்றன. அவற்றைச் சேர்த்து வைப்பதில் அந்த அச்சத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வேட்டை மீன் இல்லாத தொட்டியில் சில மாதங்களிலேயே கூட்டம் கலைகிறது. வலுத்தது இளைத்ததை விரட்ட, வால் கிழிந்து செதில் உதிர்ந்த மீன் பம்புக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அது இறந்ததும் அடுத்த மீனுக்கு அதே கதி.

பவளத்திட்டு:
ஐயா, நீங்கள் சொல்லும் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால், மீன் ஒவ்வொன்றாகக் குறைந்தாலே சண்டைதான் காரணம் என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இறந்த மீனின் விலாவில் தோல் உரிந்து சதை சிவந்து தெரிந்ததா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? அது பெரும்பாலும் யூரோனிமா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் வேலை. குரோமிஸ்களை அது அடிக்கடி தாக்குகிறது. மீன் ஒட்டுண்ணிகளுக்கு வழக்கமாக இடும் தாமிர மருந்துக்கு அது மசிவதில்லை. பாக்டீரியாவைத் தின்றே வாழக்கூடியது என்பதால், மீன் இல்லாமல் தொட்டியைக் காலியாக வைத்திருந்தாலும் ஒழியாது. புண் வெளியே தெரிந்த மீன் பல நேரங்களில் ஓரிரு நாள்கூடத் தாங்குவதில்லை. இதோடு பட்டினியும் சேர்கிறது. நாள் முழுதும் கொத்தித் தின்னும் மீனுக்கு இரவில் ஒரு வேளை மட்டும் தீனி போட்டால், வலுத்தது மற்றவற்றை விரட்டத்தான் செய்யும்.

புதுவரவு:
அண்ணா, என்னுடையது மூன்றடி நீளமுள்ள இருநூறு லிட்டர் தொட்டி; ஒரு ஜோடிக் கோமாளி மீன் இருக்கிறது. குரோமிஸ் சேர்க்கலாமா?

உவர்நீர்:
வேண்டாம், தம்பி. குரோமிஸும் கோமாளி மீனும் ஒரே குடும்பம், பொமாசென்ட்ரிடே; தன் இடத்துக்காகச் சண்டையிடும் மீன்கள் பல உள்ள குடும்பம் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குரோமிஸ் மஞ்சள் சாயல் கொண்டு முட்டையிடும் இடத்தைக் காவல் காக்கும். சாது என்ற பெயர் பிற இன மீன்களோடு அது பழகும் விதத்துக்குத்தான் பொருந்தும்.

பவளத்திட்டு அவர்கள் சொன்ன நோயை நான் மறுக்கவில்லை. அதுவே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. குரோமிஸின் குஞ்சுகள் மிக நுண்ணியவை, வளர்த்தெடுப்பது கடினம். ஆகவே கடைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. பிடிபட்ட அலைச்சலில் நலிந்த மீனை, நோயும் பட்டினியும் காத்திருக்கும் தொட்டிக்குக் கொண்டுவந்து, ஒன்றிரண்டு மிஞ்சினால் போதும் என்று கூடுதலாக வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பவளத்திட்டு:
கூடுதலாக வாங்கி வைக்கும் பழக்கம் தவறு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மூன்றடித் தொட்டிக்கு வேண்டாம் என்பதும் சரி. ஆறடி நீளம், நல்ல நீரோட்டம், கிளைப் பவளம் ஆகியவற்றோடு தினமும் நான்கைந்து முறை சிறு சிறு அளவில் ஆர்ட்டீமியா, கோபிபாட் போன்ற நுண்ணிய ஓட்டுமீன் தீனி போடக்கூடியவர் வளர்ப்பதை ஏன் தடுக்க வேண்டும்? அவர் எல்லா மீன்களையும் ஒரே அளவில் வாங்கி, ஒரே நேரத்தில் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றட்டும். கடையிலேயே தீனி போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். எல்லாம் மேலே வந்து கொத்துகின்றனவா, முதுகுச் சதை வற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தொட்டியில் ஒரே ஒரு மீனின் விலா சிவந்திருந்தாலும் அதிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

உவர்நீர்:
இத்தனையும் செய்பவர் வளர்க்கட்டும், தடுக்கமாட்டேன். முதல் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்கு இந்த மீனைக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். அதில் என் நிலை மாறவில்லை.