மறு: ‘இமர்சிவ்’ என்பதற்குத் ‘தோய்’ பொருந்துமா? (சைகைமொழிச் செயலி)

> ‘மூழ்கு தொழினுட்பம்’ என்றே விடலாமே, அக்கா?

வணக்கம் தம்பி,

ஹெட்செட் மாட்டியவரைக் காட்சிக்குள்ளேயே நிற்பதாக உணரவைப்பதுதான் ‘இமர்சிவ்’ (immersive). அதற்கு ‘மூழ்கு’ வேண்டாம். திருகோணமலையில் மூழ்குவது வள்ளம். பிள்ளையின் தலையில் ஹெட்செட் மாட்டும் தாயிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. ‘தோய்’ நாம் குளிப்பதற்குச் சொல்வது. கல்வியில் தோய்ந்தவர் என்றும் சொல்கிறோம். தோய்வெளி (உள்ளே நிற்கும் காட்சிவெளி), தோய்கல்வி (அதற்குள் நின்று கற்பது) என்று இடறாமல் சேரும். ‘மெய்நிகர்’ போதாது: காட்சி கணினியில் உருவானது என்கிறதே தவிர, கற்பவர் அதற்குள் நிற்பதைச் சொல்லவில்லை.

சைகைமொழிக்கு அந்த உள்ளே நிற்பதுதான் பயன். கைவடிவம், இடம், அசைவு, உள்ளங்கை திரும்பிய பக்கம், முகபாவம் எல்லாம் சேர்ந்ததே ஒரு சைகை. காணொளியில், கை நெஞ்சிலிருந்து எவ்வளவு முன்னே போகிறது என்பது சரியாகத் தெரியாது. இடம் வலமும் குழம்பும். தோய்வெளியில், சைகை செய்துகாட்டும் உருவத்தின் பின்னால் போய்த் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கலாம். தன் கை எப்படி இருக்கவேண்டுமோ, அப்படியே தெரியும். உப்புவெளிக் கரையை 360 பாகைப் படமாகச் சுற்றிக் காட்டினால் மட்டும் தோய்கல்வி ஆகாது; வள்ளத்தைத் தொட்டதும் அதன் சைகை வரவேண்டும். அதுவும் இங்குள்ள செவிப்புலனற்றவர்களிடம் பதிந்ததாக இருக்கவேண்டும். அமெரிக்கச் சைகைத் தொகுப்பு இங்கே உதவாது.

> விரல்கள் குலைந்து தெரிகிறதே, அதற்கு என்ன சொல்?

‘கைமறைவு’. ஹெட்செட் செயலிகளுக்கான பொதுத் தரமான ஓபன்எக்ஸ்ஆர் (OpenXR) ஒரு கைக்கு 26 மூட்டுகளைக் கணக்கில் எடுக்கிறது. ஒரு கை மற்றதை மூடினாலோ, நாடிக்கு (மோவாய்க்கு) அருகில் ஹெட்செட் கமராவின் பார்வையை விட்டு விலகினாலோ, மீதியை மென்பொருள் ஊகிக்கிறது. சரியாகச் செய்த பிள்ளைக்கும் ‘பிழை’ காட்டும். அப்படியான சைகைகளைச் செயலி திருத்தவேண்டாம், ஆசிரியர் பார்க்கட்டும். மங்கிய வெளிச்சத்திலும் நேர்வெயிலிலும் இதே சிக்கல்தான். யன்னலைச் சாத்தி டியூப்லைட்டைப் போடுங்கள். ஹெட்செட்டின் வில்லையில் வெயில் பட்டால் திரையே பழுதாகும்.

புருவத்தை ஹெட்செட் மூடிவிடுவதால், முகபாவத்தில் தங்கியிருக்கும் கேள்விச் சைகைகளை, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேருக்கு நேரே பழக்கவேண்டும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காது கேளாத பிள்ளையின் கண்ணையும் மூடினால், தூரத்திலிருந்து கூப்பிட வழியே இல்லை. வகுப்பறை தெரியும்படி வெளிக் கமராக் காட்சி எப்போதும் திறந்திருக்கவேண்டும். உருவம் அந்த அறைக்குள்ளேயே நிற்கட்டும். இதை ‘ஊடுகாட்சி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால், சொற்பட்டியலில் பதிக்குமுன் எழுது. தோய்வெளிக்கான சைகையைச் செவிப்புலனற்ற ஆசிரியர்களிடமே கேட்போம்.