குறையில்லாத சமுதாயம்: நீடித்த முயற்சிகள் பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. குறையே இல்லாத ஒரு சமுதாயம் சாத்தியமா என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். பாதியில் நிற்கிறது.

தாமஸ் மோர் 1516இல் எழுதிய ‘உட்டோப்பியா’வில் தனிச்சொத்து கிடையாது, நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் அடிமைகள் உண்டு, ஊர்விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டும்! கற்பனையிலேயே இந்தக் கதி. நிஜத்திலும் முயன்றவர்கள் உண்டு. சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1825இல் அமெரிக்காவின் இண்டியானாவில் தொடங்கிய நியூ ஹார்மனி என்ற கூட்டுக் குடியிருப்பு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. அமெரிக்காவிலேயே சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த ஒனைடா என்ற மதச் சமூகமோ 1848இல் தொடங்கி 1881 வரை தாக்குப்பிடித்தது, பிறகு பங்கு நிறுவனமாகிவிட்டது.

‘மனுசன் சுயநலக்காரன், அதெல்லாம் நடக்காது’ என்ற பதில் எனக்குப் போதவில்லை. சுயநலம் எங்கும்தான் இருக்கிறது. அப்புறம் இப்படிப்பட்ட குடியிருப்புகளில் சில மட்டும் எப்படி நீடித்தன? ஆள் சேர்க்கும் விதமா, சொத்து விதிகளா, மதப்பிடிப்பா?

முக்கியமாக, இத்தகைய குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறையின் அனுபவங்களைச் சொல்லும் நூல், நேர்காணல் ஏதாவது தெரியுமா? இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகள் பற்றி விரிவாகப் படித்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, ஆங்கிலமும் சரிதான்.