மேற்குச் சுவர் வெயிலுக்குப் பவழமல்லி மரமா, ரங்கூன் மல்லிக் கொடியா?

மாலைவெயில்:
வணக்கம். எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க வெயிலில் காய்கிறது. இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் சூடு தெரிகிறது. அந்த அறையில் படுக்க முடியவில்லை. சுவருக்கும் மதிலுக்கும் நடுவே 14 அடி வெற்று மண் கிடக்கிறது. நிழல் வேண்டும், மாலையில் வாசமும் வேண்டும். ஒருவர் பவழமல்லி வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ரங்கூன் மல்லியைச் சுவரோடு ஏற்றிவிடச் சொல்கிறார். இரண்டையும் வைத்துப் பார்த்துக்கொள்ள என்னால் ஆகாது. எது சரி?

கொடிப்பந்தல்:
கொடிதான், யோசிக்கவே வேண்டாம். காய்வது சுவர் என்றால் மறைக்க வேண்டியதும் சுவர்தானே. மாலை வெயில் உச்சியிலிருந்து விழுவதில்லை, சாய்ந்து வந்து பக்கவாட்டில் அடிக்கிறது. மரம் குடை பிடிக்கும், கொடி திரை போடும். உங்களுக்குத் தேவை திரை.

எங்கள் வீட்டில் மழைக்காலத் தொடக்கத்தில் வேர்விட்ட ஒரு கன்றை வைத்தோம். அடுத்த கோடைக்குள் பத்தடிச் சட்டம் நிறைந்துவிட்டது. பவழமல்லி அந்த உயரத்துக்கு வர எத்தனை வருடம் காத்திருப்பீர்கள்?

பூவைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நாள் அந்தியில் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்து தொங்கும். வெள்ளையாக இருக்கும் முதல் இரவில்தான் வாசம் தூக்கும். பூவின் குழல் விரல் நீளம். அதற்குள் எட்டும் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் இருட்டில் வந்து அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும். பகலில் தேனீக்களும் தேன்சிட்டும்.

வேரடி:
அக்கா பூவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தக் கொடியை எட்டு வருடம் வளர்த்து, கடைசியில் தூரோடு எடுத்தவன் நான். அதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் இரண்டு வருடம் அக்கா சொன்ன மாதிரியே அழகு. மூன்றாம் வருடம் சட்டத்தைத் தாண்டிக் கூரைக்குப் போனது. நான்கைந்து மாதம் வெளியூர் வேலை. திரும்பி வந்தபோது ஓட்டுக்கு அடியில் விரல் தடிமன் கொடி நுழைந்து ஓடுகளைத் தூக்கியிருந்தது. தண்ணீர் இறங்கும் தகரத் தூம்பு முழுக்க காய்ந்த பூவும் சருகும். அந்த மழையில் அறைக்குள் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிப்போனது. வெட்டி இழுக்கலாம் என்றால் கை கிழிகிறது. இலை உதிர்ந்த பிறகும் காம்பின் அடி மட்டும் காய்ந்து வளைந்த முள்ளாக நின்றுவிடும். கொடி அதை மாட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. நம் கையையும் அப்படித்தான் மாட்டும். தூரை எடுத்த பின்னும் ஒரு வருடம் வேரிலிருந்து கன்று முளைத்துக்கொண்டே இருந்தது.

பவழமல்லி அப்படி இல்லை. இரண்டு வருடம் நீங்கள் அதைப் பாருங்கள், அப்புறம் அது உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

மண்புழு:
கொடி ஏன் இப்படி நிற்காமல் ஓடுகிறது என்பதற்கு ஒரு விளக்கம். மரம் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அதனால் தேடியதில் பெரும்பங்கை அடிமரத்தைத் தடிமனாக்கவே செலவழிக்கிறது. கொடி அடுத்தவர் தோளில் சாய்வதால் அந்தச் செலவு மிச்சம், எல்லாம் நீளத்துக்கும் இலைக்கும் போகிறது. ஏறுகொடிகளைப் பற்றி 1865-ல் எழுதியபோதே டார்வின் இதைக் கவனித்திருக்கிறார். ஆக, ஒரே கோடையில் நிழல் தருவதும் ஓட்டுக்கு அடியில் நுழைவதும் ஒரே குணம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

கொடிப்பந்தல்:
வேரடி தம்பி, நீங்கள் பட்ட பாடு புரிகிறது. ஆனால் அது கவாத்து செய்யாமல் விட்டதன் பலன், அதைக் கொடியின் தலையில் போடலாமா? புதுத் துளிரில்தான் இது பூக்கும். பூ முடிந்ததும் பாதிக்கு வெட்டினால் அடுத்த சுற்றில் பூவும் கூடும், கொடியும் சட்டத்துக்குள் நிற்கும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளி, கூரைக்கு இரண்டடி கீழேயே முடித்துவிட வேண்டும். சுவரில் வேரை ஊன்றிப் பூச்சைப் பெயர்க்கும் சுவர்க்கொடி வகை இல்லை இது, பற்ற ஒன்று கொடுத்தால்தான் ஏறும். இலைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடினால் சுவர் இன்னும் குளிரும்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. பவழமல்லி இலையுதிர்க்கும் மரம். வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். எப்போது நிழல் வேண்டுமோ அப்போது இவருக்குக் குச்சிதான் மிஞ்சும். கம்பளிப்புழு அப்பும் பருவத்தில் அடியில் நிற்கவே முடியாது.

வேரடி:
கம்பளிப்புழு வரும், மறுக்கவில்லை. கூட்டமாக ஒரே இலையில் இருக்கும்போதே கிளையோடு வெட்டி எடுத்துவிட்டால் பரவாது. தண்ணீர் விடாமல் காயப்போட்டால் இலை கொட்டும். தூரைச் சுற்றிச் சருகால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டு, வாரம் இரண்டு முறை ஆழமாக நனைத்தால் என் மரம் கோடையிலும் முக்கால்வாசி இலையோடு நிற்கிறது. முழு இலையோடு நிற்கும் என்று சொல்லமாட்டேன்.

திரை, குடை என்ற வாதத்துக்கு வருகிறேன். வெயில் சாய்ந்து வருவதால்தான் தள்ளி நிற்கும் மரமும் சுவரை மறைக்கும். வெப்பமண்டலத்தில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டி மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் இருக்கும். 15 அடி மரத்தைச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். கணக்குப் போட்டால் சுவரில் 9 அடி உயரம் வரை நிழல் விழும். சாதாரண அறைக்கு அது சன்னலையும் தாண்டிய உயரம். பவழமல்லி தரையிலிருந்தே கிளைத்துத் தொங்கும் மரம், தென்னை மாதிரி உச்சியில் மட்டும் இலை வைப்பதில்லை. 14 அடி இடத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொடிப்பந்தல்:
4 மணிக்குக் கணக்குச் சரி. 3 மணிக்குப் போட்டுப் பாருங்கள். சூரியன் 45 டிகிரியில் இருக்கும், நிழல் 5 அடிக்கு மேல் ஏறாது. 2 மணிக்குச் சுவருக்கே வராது. கொடிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

வேரடி:
உண்மைதான், அந்த ஒரு மணி நேரம் கொடிக்குத்தான். 2 மணிக்குச் சுவர் மேல் வெயில் சறுக்கி விழும் நேரம், அதனால் தாக்கம் குறைவு. இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வாசத்தில் விடமாட்டேன். பவழமல்லி அந்தியில் மொட்டவிழ்ந்தால் இரவு முழுக்க மணக்கும். விடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பிக்கும். விழும்போது சத்தம் கூடக் கேட்காது. காலையில் மண் தெரியாமல் வெள்ளை விரித்திருக்கும், பெரும்பாலும் கவிழ்ந்து கிடப்பதால் ஆரஞ்சுக் காம்பு மேல்நோக்கி நிற்கும். அந்தக் காம்பைக் கிள்ளி நகத்தில் நசுக்கினால் மஞ்சள் சாயம் ஒட்டிக்கொள்ளும், பட்டுக்கே சாயமேற்றிய நிறம் அது. எந்தக் கொடியிலும் எனக்கு அப்படி ஒரு காலை கிடைத்ததில்லை.

மண்புழு:
கேட்டவரிடம் ஒரு கேள்வி. அந்த வீட்டில் கத்தரிக்கோல் எடுக்கப்போவது யார்? நிழல், வாசம், கணக்கு எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மாலைவெயில்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். அந்த அறை அம்மாவுடையது. வயது 71, முழங்கால் வலி. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறேன். தண்ணீர் விடுவார், பூப் பொறுக்குவார். ஏணி ஏறமாட்டார், ஏறவும் கூடாது.

கொடிப்பந்தல்:
அப்படியானால் கொடி வேண்டாம். இதைத் தோற்றுப்போய்ச் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். வளரும் பருவத்தில் இரண்டு மாதம் ஆள் இல்லாமல் விட்டால் வேரடி தம்பி வீட்டுக் கதைதான் நடக்கும். ஒரு நாள் அம்மாவே ஏணியைச் சாத்திவிடுவார். என் வீட்டுக்குக் கேட்டால் இன்றும் கொடிதான் என்பேன், ஏனென்றால் வெட்ட நான் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பவழமல்லி. அது வளரும் வரை இரண்டு கோடைக்குச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு அடி தள்ளி மூங்கில் தட்டி கட்டிவிடுங்கள்.

மாலைவெயில்:
நன்றி அக்கா. மதிலிலிருந்து 4 அடி விட்டு, இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து ஆறவிட்டிருக்கிறேன். மக்கிய எருவும் மண்ணும் கலந்து வைத்தாயிற்று. கன்று இடுப்பளவு இருக்கிறது. அடியில் நான்கைந்து பக்கக்கிளை வந்திருக்கிறது. நேராக உயர்வதற்கு அவற்றைக் கிள்ளிவிடலாமா?

வேரடி:
கிள்ளாதீர்கள். 5 மணிக்கு மேல் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்கப்போவது அந்த அடிக்கிளைகள்தான். அம்மா நடக்கும் பக்கம் ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள், இலை சொரசொரப்பு, கையில் உரசும். மற்றதை அப்படியே விடுங்கள்.